பழைய பைக்குக்கு கஃபே ரேசர் சீட்: இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால்

அப்பா வைத்திருந்த 1976 ஹோண்டா சிபி550, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிற வீட்டு கராஜில் ஒரு போர்வைக்கு அடியில் ரொம்ப வருடம் நின்றது. அவர் போன பிறகு அதை ஓட வைத்தேன், அப்புறம் அதற்கு ஒரு ஒற்றை சீட் போட ஆசைப்பட்டேன். பின்னால் லேசாகத் தூக்கிய, தட்டையான, கறுப்பு கஃபே ரேசர் சீட், அதாவது பழைய ரேஸ் பைக் பாணி சீட். ஒரு சனி ஞாயிறு வேலை என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது, ஒரு சீட் முழுசாக வீணானது, ஃபிரேமில் ஒரு பக்கம் தேவைக்கு மேல் அறுபட்டு அதைச் சரிசெய்யத் தனியாகப் பணம் போனது. வேலை கஷ்டமானது என்று சொல்ல மாட்டேன், வரிசைதான் தப்பு. எதை முதலில் செய்ய வேண்டுமோ அதைக் கடைசியில் செய்தேன், கடைசியில் செய்ய வேண்டிய அறுப்பை முதலில் செய்தேன். நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருந்தாலும் சரி, டோங்காட்டில் இருந்தாலும் சரி, பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் பேப்பர், அப்புறம்தான் ஸ்பேனர்

வண்டி உங்கள் பெயரில் இருக்கிறதா? இருந்தால், லைசென்ஸ் டிஸ்க்கின் (வண்டியில் ஒட்டுகிற வட்டமான லைசென்ஸ் சீட்டு) தேதி முடியவில்லை என்றால், நேராக இரண்டாவது படிக்குப் போகலாம். பழைய வண்டிகள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர் பெயரில் இருக்கும், அவர் இல்லாமலும் போயிருப்பார்.

உரிமையாளர் இறந்திருந்தால், நீங்கள் மகன் என்பதால் மட்டும் பெயர் மாற்றித் தர மாட்டார்கள். இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற மாஸ்டர் ஆஃப் தி ஹைகோர்ட் அலுவலகத்தில் சொத்து விவரத்தைப் பதிந்து கடிதம் வாங்க வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி என்ற எளிய வழி இருக்கிறது. அந்தக் கடிதம், வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட், உங்கள் ஐடி, முகவரிச் சான்று, ரோட்வொர்த்தி சர்டிஃபிகேட் (வண்டி சாலையில் ஓடத் தகுதி என்று டெஸ்ட் செய்து தருவது), பூர்த்தி செய்த ஆர்எல்வி என்ற பதிவு விண்ணப்பப் படிவம், இத்தனையும் சேர்த்துத்தான் லைசென்சிங் கவுண்டருக்குப் போக வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒருவரிடம் வாங்கிய வண்டி என்றால் கை மாறிய 21 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். ரோட்வொர்த்தி சர்டிஃபிகேட் பதிவுக்குச் செல்லுவது 60 நாள்தான். நான் ஆர்வத்தில் முதலில் வண்டியை டெஸ்ட்டுக்குக் கொண்டுபோய் பாஸ் வாங்கிவிட்டேன், சொத்துக் கடிதத்துக்கான மனுவில் ஒரு பேப்பரை விட்டிருந்ததால் அது தாமதமானது, கடிதம் கைக்கு வந்தபோது 60 நாள் தாண்டிவிட்டது. மறுபடியும் டெஸ்ட், மறுபடியும் ஃபீஸ். கடிதம் கையில் வந்த பிறகே டெஸ்ட்டுக்குப் போங்கள்.

இன்னொன்று, டெஸ்ட்டுக்குப் பழைய சீட், பழைய மட்கார்டு, பழைய லைட் எல்லாம் இருக்கும்போதே போங்கள். பாதி பிரித்த வண்டியைப் பக்கியில் (பின்னால் திறந்த சின்ன சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு போய் நின்றால் எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணி மாளாது. இதனால் சீட் மாற்றிய பிறகு விதி பொருந்தாது என்று அர்த்தமில்லை. மாற்றிய வண்டியும் அதே விதிக்குள்தான் நிற்க வேண்டும், அதை ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

சேஸிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் இப்போதே தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் இருக்கும், பின்னால் வால் பகுதியை வெட்டுவது அதைத் தொடாது. ஆனால் ஃபிரேமை மணல் அடித்து பவுடர் கோட்டிங் கொடுப்பவர்கள் நிறையப் பேர் அந்த எழுத்தின் மேலேயே கனமாகப் பூசி விடுகிறார்கள். படிக்க முடியாத நம்பரோடு போனால் போலீஸ் கிளியரன்ஸ் வரைக்கும் இழுக்கும். கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் அந்த இடத்தில் நீங்களே டேப் ஒட்டிக் கொடுங்கள்.

2. பின்னால் யாராவது உட்காருவார்களா?

இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இங்கே சாலை விதிப்படி பின்னால் ஆள் ஏற்ற வேண்டுமானால் இஞ்சின் 50 சிசிக்கு மேல் இருக்க வேண்டும், ஓட்டுபவருக்குப் பின்னால் அதற்கான சீட் வேண்டும், காலை வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும். ஒற்றை சீட் போட்ட நாளோடு அந்த வண்டி ஒரு ஆள் வண்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போன வண்டி அது. சீட்டைக் கழற்றுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். கேட்டது நல்லது. அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் பழைய சீட்டைத் திரும்ப மாட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் அமைத்தேன்: "ஏங்க, அது மாமாவோட சீட். தூக்கிப் போட்டுடாதீங்க."

அதனால் சொல்கிறேன், முடிந்தவரை பழைய சீட்டின் கீல், பூட்டு, முன்பக்கக் கொக்கி இவற்றை வெட்டாமல் விடுங்கள். அசல் சீட், அசல் மட்கார்டு இரண்டையும் துணியில் சுற்றி மேலே போட்டு வையுங்கள். பழைய ஹோண்டாவுக்கு நல்ல அசல் சீட் தேடிக் கண்டுபிடிப்பது இன்றைக்குச் சுலபமில்லை, நாளைக்கு விற்க நினைத்தாலும் அசல் பாகம் கூடவே இருக்கிற வண்டிக்குத்தான் விலை.

3. அளவு

நான் முதலில் வெளிநாட்டிலிருந்து ஒரு சீட் வரவழைத்தேன். விளம்பரத்தில் "ஃபிரேம் அகலம்" என்று ஒரே ஒரு எண் போட்டிருந்தது. நான் குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் அளந்திருந்தேன், அவர்கள் சொன்னது குழாய் நடுவிலிருந்து நடு. ஒரு குழாயின் தடிமன் அளவுக்கு வித்தியாசம். சீட் வந்து இறங்கியபோது இரண்டு பக்கமும் குழாயைத் தாண்டி சீட் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சீட் விலை, கூரியர், சுங்கம், அதன் மேல் 15 சதவீத வாட் எல்லாம் சேர்த்து 3,200 ராண்டு. திருப்பி அனுப்பும் செலவைப் பார்த்தால் வைத்துக்கொள்வதே மேல் என்று ஆகிவிட்டது.

எனவே நான்கு அளவு எடுங்கள், ஒரு தாளில் வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் போட்டு அதில் எழுதுங்கள்.

முதலாவது, குழாயின் வெளி விட்டம். டேப்பால் அளக்க வேண்டாம், வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், ஐம்பது வருடப் பெயிண்ட் அரை மில்லிமீட்டர் வரை காட்டும். இரண்டாவது, இரண்டு குழாய்க்கும் இடையிலான அகலம். டாங்க் முடிகிற இடத்தில் ஒன்று, ஷாக் அப்சார்பர் மேல் போல்ட் பக்கத்தில் ஒன்று, குழாய் முடிகிற இடத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் எடுங்கள். பழைய ஃபிரேமில் குழாய்கள் இணையாகப் போகும் என்று நம்பாதீர்கள், பின்னால் போகப் போக விரியும் அல்லது குறுகும். மூன்றாவது, டாங்கின் பின் விளிம்பிலிருந்து ஷாக் போல்ட் வரை உள்ள நீளம். நான்காவது, குழாய் எங்கே மேலே வளைகிறது என்பது. இந்த வளைவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், தட்டையான சீட்டை அதன் மேல் வைத்தால் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி தெரியும்.

விற்பவரிடம் கேட்கும்போது உள்ளிலிருந்து உள்ளா, நடுவிலிருந்து நடுவா, வெளியிலிருந்து வெளியா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

4. அட்டையில் ஒரு சீட்

இதற்கு ஒரு காசும் ஆகாது, இதைச் செய்யாததால்தான் எனக்கு அத்தனை நஷ்டம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போல ஒரு கனமான அட்டையை எடுத்து, சீட்டின் வடிவத்தில் வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஃபிரேம் மேல் ஒட்டுங்கள். அதன் மேல் வீட்டில் இருக்கிற பழைய மெத்தைத் துண்டை ஐந்து செ.மீ. உயரத்துக்கு வைத்துக் கட்டி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஏறி உட்காருங்கள். ஐந்து நிமிடம் இல்லை, அரை மணி நேரம். காலை ஃபுட்பெக்கில் வைத்து, கையை ஹேண்டில்பாரில் வைத்து.

அப்போதுதான் தெரியும், சீட் தாழ்ந்தால் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு எங்கே வலிக்கிறது என்று. நிறையப் பேர் சீட்டை மாற்றிவிட்டு, உட்கார முடியவில்லை என்று குட்டை ஹேண்டில்பார் வாங்கி, அதற்கும் கால் ஒத்துவரவில்லை என்று ஃபுட்பெக்கைப் பின்னால் தள்ளும் செட் வாங்கி, அதற்காக பிரேக் ராடையும் கியர் லீவரையும் மாற்றி, சீட்டுக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு செலவில் போய் நிற்கிறார்கள். அட்டையில் உட்கார்ந்து பார்த்தால் இது முன்னாலேயே தெரிந்துவிடும். நான் அசல் ஹேண்டில்பாரிலேயே நின்றேன், அதற்காக சீட்டை இரண்டு செ.மீ. உயர்த்தினேன், பார்வைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். டாங்கின் அடிக்கோடும் சீட்டின் அடிக்கோடும் ஒரே கோட்டில் போகிறதா? கண்ணுக்கு அழகு என்பது பெரும்பாலும் இந்த ஒரு கோடுதான்.

5. சக்கரம் எவ்வளவு மேலே வரும்

இது அழகு விஷயம் இல்லை, உயிர் விஷயம். பள்ளத்தில் இறங்கும்போது பின் டயர் மேலே வந்து சீட்டின் அடியிலோ, ஃபிரேமின் பின்முனையில் இரண்டு குழாயையும் சேர்க்கப் புதிதாக வைத்த வளைவுக் குழாயிலோ, வயரிலோ உரசினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நம்முடைய சாலைகளில் மழைக்குப் பிறகு பள்ளம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றுங்கள். ஒன்றின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு (ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், பட்டறையில் கொடுத்துவிடுங்கள்) உள்ளே இருக்கிற ராடை முழுவதும் அமுக்கி, மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் (போல்ட் நுழைகிற வளையங்கள்) உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஷாக் இதற்கு மேல் சுருங்காது. இப்போது பின் சக்கரத்தைத் தூக்கி, இரண்டு போல்ட்டுக்கும் இடையில் அதே தூரம் வரும்வரை கொண்டுபோய் அடியில் கட்டை வைத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் டயருக்கும் மேலே வரப்போகும் எந்தப் பொருளுக்கும் இடையில் குறைந்தது 25 மி.மீ. இருக்க வேண்டும். டயர் வேகத்தில் கொஞ்சம் விரியும், செயின் சரிசெய்யும்போது சக்கரம் முன்பின் நகரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் சீட்டை உயர்த்துங்கள். நீளமான ஷாக் போட்டால் சரியாகிவிடும் என்பது தப்பு, முழுசாக அமுங்கியபோது அது எவ்வளவு நீளம் என்பதுதான் கணக்கு.

6. அறுப்பும் வெல்டிங்கும்

இப்போதுதான் கிரைண்டர். அதற்கும் முன் ஒரு கேள்வி, அறுக்கத்தான் வேண்டுமா? சில வண்டிகளில் குழாய் முடிகிற இடத்திலேயே சீட்டை முடித்துவிடலாம், வளைவுக் குழாயை உள்ளே செருகி போல்ட் போட்டாலே போதும். முடிந்தால் அந்த வழியில் போங்கள்.

அறுப்பதானால் ஒரே ஒரு விதி. ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டுக்கு முன்னால் கை வைக்கக் கூடாது. அதற்குப் பின்னாலும் குறைந்தது ஐந்து செ.மீ. விட்டு அறுங்கள். ஓட்டுபவரின் எடையும் சாலையின் அடியும் அந்த மவுண்டில்தான் வந்து விழுகிறது. மாஸ்கிங் டேப்பைக் குழாயைச் சுற்றி ஒட்டி, டேப்பின் விளிம்பைக் கோடாக வைத்து அறுத்தால் நேராக வரும். நான் கண்ணளவில் அறுத்தேன், வலது பக்கம் 12 மி.மீ. அதிகம் போய்விட்டது. வெல்டர் அதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலை அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினார். அதை நிரப்ப ஒரு துண்டுக் குழாய், கூட ஒரு வெல்டிங்.

வளைவுக் குழாயை, இங்கே எல்லோரும் ஹூப் என்றுதான் சொல்கிறார்கள், அதே வெளி விட்டத்தில், 2 மி.மீ. சுவர் உள்ள சாதாரண ஸ்டீலில் வளைத்து வாங்குங்கள். குழாயையும் ஹூப்பையும் முனையோடு முனை வைத்து ஒட்டினால் ஒரு நாள் அந்த இடத்தில் விரியும். உள்ளே ஒரு சிறு குழாய்த் துண்டை, இரண்டு பக்கமும் மூன்று நான்கு செ.மீ. போகிற மாதிரி இறுக்கமாகச் செருகி, இரண்டு குழாயிலும் ஓட்டை போட்டு அந்த ஓட்டை வழியாக ஒரு வெல்டிங், அப்புறம் சுற்றிலும் ஒரு வெல்டிங். வெல்டரிடம் இதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் சிலர் செய்வதில்லை.

வெல்டிங்குக்கு முன், டாங்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள், காலி டாங்க் என்றாலும் சரி, காலி டாங்கில் இருக்கிற ஆவிதான் அதிக ஆபத்து. பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள், ரெகுலேட்டர், ரெக்டிஃபையர் இணைப்பையும் பிடுங்கி விடுங்கள். வெல்டிங் எர்த்தை அறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் பிடிக்கச் சொல்லுங்கள். தூரத்தில் பிடித்தால் கரண்ட் சக்கர பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். முதலில் நாலு புள்ளி மட்டும் வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அட்டை சீட்டை மேலே வைத்துப் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டிங்.

வெல்டிங் ஆறியதும் அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். டர்பன் காற்றில் திறந்த இரும்பு ஒரே ராத்திரியில் பழுப்பு நிறமாகிவிடும், கடற்கரைப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.

7. சீட்டின் அடித்தட்டு

தட்டையான சீட்டுக்கு 3 மி.மீ. அலுமினியத் தகடு போதும். அட்டையை அப்படியே தகட்டில் வைத்து வரைந்து, வெட்டி, பின்பக்கத்தை ஹூப்பின் வளைவுக்கு ஏற்ப வளைக்கலாம். பின்னால் கூம்பு மாதிரி எழும்புகிற சீட் என்றால் ஃபைபர் கிளாஸ்தான் வழி. ஃபிரேமை முழுவதும் டேப்பாலும் அலுமினிய ஃபாயிலாலும் மூடி அதன் மேலேயே மூன்று நான்கு அடுக்கு கண்ணாடி நார் மேட் போட்டு ரெசின் தடவுவார்கள். டர்பன் கோடையில் ரெசின் மிகச் சீக்கிரம் இறுகிவிடும், கெட்டியாக்கும் மருந்தைக் குறைவாகப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். தெர்மோகோலை அச்சாக வைத்தால் ரெசின் அதைக் கரைத்துவிடும், மேலே டேப் சுற்றாமல் வைக்காதீர்கள்.

பொருத்துவதற்கு, முன்பக்கம் டாங்குக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்ளும் ஒரு நாக்கு, பின்பக்கம் இரண்டு 6 மி.மீ. போல்ட். இது போதும். நான்கு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கினால் ஃபிரேம் அதிர்வில் தட்டு விரிசல் விடும். தட்டுக்கும் ஃபிரேமுக்கும் இடையில் ரப்பர் கட்டைகள், போல்ட்டில் நைலான் வளையம் உள்ள நட்டு. தட்டு எந்த இடத்திலும் மெயின் வயரிங் மேல் உட்காரக் கூடாது. நீங்கள் ஏறி உட்காரும்போது தட்டு சற்றே வளையும், அந்த வளைவுக்கும் இடம் விடுங்கள். என் முதல் சவாரியில் டெயில் லைட் அணைந்து அணைந்து எரிந்தது, தட்டைக் கழற்றிப் பார்த்தால் வயரின் மேல்தோல் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

8. ஃபோமும் தையலும்

அடியில் 10 மி.மீ. கெட்டியான ஈவிஏ ஃபோம், அதன் மேல் 30 மி.மீ. கனமான ஃபோம், மேலே 10 மி.மீ. மென்மையானது. கடையில் மெத்தைக்கு விற்கிற சாதாரண ஸ்பாஞ்ச் ஒரு மாதத்தில் அமுங்கி, தட்டு முதுகெலும்பில் இடிக்கும். ஃபோம் கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், சுலபமாக அடி தொட்டால் வேண்டாம். வடிவத்தை ரொட்டி வெட்டும் மின்கத்தியால் செதுக்கி, 40 நம்பர் மணல் தாளால் தேய்த்தால் விளிம்பு அழகாக வரும். உள் தொடை உரசுகிற முன் விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் சிக்னலில் கால் ஊன்றுவதே கஷ்டமாகிவிடும்.

தோலா ரெக்சினா என்றால் என் பதில் ரெக்சின், அதுவும் படகு சீட்டுக்குப் போடுகிற ரகம். இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை, மற்ற நாளில் உப்புக் காற்றும் வெயிலும். தோலைப் பராமரிக்க நேரம் இருந்தால் போடுங்கள், எனக்கு இல்லை.

எனக்குத் தைத்துக் கொடுத்தவர் சாட்ஸ்வொர்த்தில் சோபா, பக்கி சீட் எல்லாம் தைக்கிற ஒரு பெரியவர். நான் வரிவரியாகத் தைத்த மாதிரி வேண்டும் என்று ஒரு படத்தைக் காட்டினேன். அவர் சாக்குக்கட்டியை எடுத்து ஃபோம் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, "தம்பி, நீ உட்கார்ற இடம் இது. இங்க ஊசி ஓட்டை போட்டா மழைத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். "உள்ளதான் அங்கிள்" என்றேன். கோட்டுக்குப் பின்னால் மட்டும் வரித் தையல் போட்டார், உட்காரும் இடம் ஒரே துணி. பக்கத்தையும் மேலையும் சேர்க்கிற தையலுக்கு உள்ளே ஒரு நாடாவை ஒட்டினார், ஃபோமுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போர்த்தினார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஃபோம் இன்னும் நனையவில்லை.

அவரிடம் கற்ற இன்னும் இரண்டு விஷயம். நூல் பாலியஸ்டராக இருக்க வேண்டும், பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும். அலுமினியத் தட்டில் ஸ்டேபிள் பிடிக்காது, எனவே ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை ரிவெட் அடித்து அதில் ஸ்டேபிள் போடுவார்கள், அந்தப் பட்டையை நீங்களே போட்டுக் கொண்டுபோனால் கூலி குறையும்.

நேரம் பார்த்துக் கொடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பட்டறைகள் மூடிக்கிடக்கும். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா என்று நம் ஆட்கள் பாதிப்பேர் வேலைக்கு வர மாட்டார்கள். ஜூன், ஜூலைதான் நல்ல காலம், மழையும் குறைவு.

9. லைட், வயர், நம்பர் பிளேட்

அசல் மட்கார்டை எடுத்தவுடன் டெயில் லைட், பிரேக் லைட், சிவப்பு ரிஃப்ளெக்டர், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், அதற்கான வெள்ளை லைட் எல்லாவற்றுக்கும் வீடு இல்லாமல் போகும். ஹூப்பில் பதிக்கிற எல்இடி பட்டை பார்க்க அழகு, ஆனால் நிறைய பட்டைகளில் நம்பர் பிளேட்டுக்கான வெள்ளை வெளிச்சமும் ரிஃப்ளெக்டரும் கிடையாது. இரண்டையும் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். சாலையில் நிறுத்தினால் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். பிளேட்டை டயருக்கு மேல் படுக்கையாக மடக்கி வைக்காதீர்கள், பின்னால் வருபவர் படிக்கிற மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். லைசென்ஸ் டிஸ்க்குக்கும் ஒரு தண்ணீர் புகாத கூடு வேண்டும்.

எல்இடி இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃப்ளாஷர் ரிலே படபடவென்று அடிக்கும் அல்லது அடிக்கவே அடிக்காது. எல்இடிக்கான ரிலேயை மாற்றினால் சரி. வயர் ஹூப்புக்குள் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் போடுங்கள், எர்த்துக்கு ஃபிரேமை நம்பாமல் தனி வயர் இழுங்கள்.

பேட்டரியை இடம் மாற்றாமல் முடிந்தால் மாற்றாதீர்கள். சீட்டுக்கு அடியில் காலியாகத் தெரிய வேண்டும் என்று சின்ன லித்தியம் பேட்டரிக்குப் போவதானால், முதலில் இஞ்சினை ஓடவிட்டு சார்ஜிங் வோல்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். 14.4 வோல்ட்டுக்குள் நின்றால் பயமில்லை, 15ஐத் தொட்டால் ரெகுலேட்டரை மாற்றாமல் லித்தியம் வைக்கக் கூடாது. ஏர்பாக்ஸையும் (இஞ்சினுக்குக் காற்று போகிற ஃபில்டர் பெட்டி) அப்படியே விடுங்கள், அதைத் தூக்கிவிட்டுச் சின்ன ஃபில்டர் போட்டால் கார்புரேட்டர் ஜெட் எல்லாவற்றையும் திரும்ப அமைக்க வேண்டி வரும், நாலு சிலிண்டர் வண்டியில் அது தனி ஒரு போராட்டம்.

10. இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள்

வேலை முடிந்ததும் நாலு பக்கமும் படம் எடுத்து, பில்களோடு சேர்த்து இன்ஷூரன்ஸுக்கு மெயில் அனுப்பி, பாலிசியில் இந்த மாற்றம் ஏறிவிட்டது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னால் போதாது. சொல்லாத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது, சீட்டுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் அந்த வாதத்தை நீங்கள்தான் போராடி ஜெயிக்க வேண்டும்.

11. எனக்கு ஆன செலவும் நாளும்

வீணான முதல் சீட்டையும் பேப்பர் செலவையும் விட்டுவிட்டால் கணக்கு இதுதான். ஹூப் வளைக்க 600 ராண்டு, வெல்டிங் 800, அலுமினியத் தகடு 450, ஃபோமும் பசையும் 400, ரெக்சினோடு தையல் 1,900, லைட், இண்டிகேட்டர், ரிலே எல்லாம் 950, பிரைமரும் பெயிண்டும் 500, நட்டு போல்ட்டு ரப்பர் 250. மொத்தம் 5,850. தையலில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், மற்றதில் பார்க்கலாம்.

நாள் கணக்கில், அளவும் அட்டையும் ஒரு வார இறுதி, ஹூப் வர ஒரு வாரம், வெல்டிங் ஒரு நாள், தட்டும் பெயிண்டும் ஒரு வாரம், தையல் இரண்டு வாரம், வயரிங் இன்னொரு வார இறுதி. ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்டருக்கு நாள் குறிக்கும்போது அவர் பகுதியில் மின்வெட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதி வெல்டிங்கில் நின்றால் ஃபிரேம் கோணலாக ஆறிவிடும்.

12. முதல் 500 கிலோமீட்டர்

முதல் நாளே என்3 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர், திரும்பி வந்து எல்லா நட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள், டயரின் மேல் உரசல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரில் சாக்குக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால் எங்கே உரசினாலும் கோடு அழிந்து காட்டிக்கொடுக்கும். அப்புறம் 50, 200, 500 என்று மூன்று தடவை சீட்டைக் கழற்றி வெல்டிங்கைத் துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது பெயிண்ட்தானே என்று விடாமல், அதே நாளில் வெல்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.